மாசி போடாத சம்பல்

காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் அம்மியில் நசுங்கும் வாசம்... அதன் மேல் பிழிந்த தேசிக்காய். காலி டவுன் என்றதும் எனக்கு முதலில் வருவது அதுதான். கடலெல்லாம் அதற்குப் பிறகு.

போன வாரம் நம்ம குரூப்பில் ஒருவர், குடும்பத்தோடு காலிக்குப் போகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருந்தார். ஆளுக்கு ஒரு கஃபே பெயர் போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. எனக்குத் தெரிந்த கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது.

எஹலியகொடைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் எனக்கு கிளார்க் வேலை கிடைத்த புதிது. என் அக்கா மல்லிகாவுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. அவளுடைய மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்த அத்தைதான் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். அக்கா மஞ்சள் காப்புக் கட்டி விரதம் இருந்தாள். வேன் பிடித்து எல்லோரும் போனோம்.

பூஜை முடிந்ததும் மற்றவர்களின் விரதம் அங்கேயே முடிந்தது. அக்காவுக்கு மட்டும் முடியவில்லை. தோட்டத்துக் கோயிலில் தேங்காய் உடைத்துக் காப்பை அவிழ்க்கும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் வாயில் படக்கூடாது என்பது அத்தையின் சட்டம். நம்ம ஆட்கள் திரும்பி வரும்போது சும்மா வருவார்களா? கடல் பார்க்கணும், மீன் சாப்பிடணும் என்று வேனைக் கரையோரமாக விடச் சொல்லிவிட்டார்கள்.

காலியில் இறங்கும்போது நல்ல மத்தியானப் பசி... கோட்டை மதிலை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே ஒரு தெருவில் சின்னச் சாப்பாட்டுக் கடை. ஒரு சிங்கள அம்மா தனியாளாகச் சமைத்து, தானே பரிமாறிக்கொண்டிருந்தார். அக்காவின் புருஷன், எங்கள் மச்சான், அவரிடம் போய் அக்காவைக் காட்டி மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அக்காவுக்குச் சோறு, பருப்பு, கங்குன் கீரை, தேங்காய்ச் சம்பல். எங்களுக்கு மீனும் சேர்த்து.

மச்சான் கேட்டதில் தப்பில்லை. அந்த அம்மா கொடுத்ததிலும் தப்பில்லை. உம்பலகட என்கிற மாசிக்கருவாட்டை அந்தப் பக்கத்தில் யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பு மாதிரிதான், சம்பல் என்றால் அது இருக்கும்.

பாதிச் சாப்பாட்டில் அத்தையின் கை நின்றது. தன் தட்டுச் சம்பலை விரலால் கிளறிப் பார்த்தார்.

"இதுல மாசி கெடக்கே. அவ தட்டுலயும் இதே சம்பல்தானே?"

அக்கா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். இந்தத் தடவையும் குழந்தை தங்காமல் போனால், அது இந்தச் சம்பலால்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லியே அத்தை அவளை ஒரு வழி பண்ணிவிடுவார். எங்களில் சிங்களம் நன்றாகப் பேசுகிறவன் நான் என்பதால் அத்தை என்னைக் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அந்த அம்மா அத்தையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த மஞ்சள் கயிற்றையும் பார்த்தார். கதிர்காமத்துக் கடவுளுக்குச் சிங்களவர்களும் நேர்ந்துகொள்கிறவர்கள்தானே... விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கெல்லாம் போட்டதில் இருக்கிறது என்றவர், அக்காவைக் காட்டி, அந்த நோனாவுக்கு வேறாக அரைத்தேன் என்றார்.

அப்படியே தமிழில் சொன்னேன். அங்கே இருந்தது ஒரே அம்மி, ஒரே சட்டிச் சம்பல். அதை நான் சொல்லவில்லை.

"அப்ப சரி. சாப்புடு," என்றார் அத்தை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே மறுபடி அம்மிச் சத்தம் கேட்டது. அந்த அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் புதுச் சம்பல் கொண்டுவந்து அக்கா பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அதையும் போட்டுச் சாப்பிட்டாள்.

குழந்தை பிறக்கவில்லை. அத்தை கண்ணை மூடும்வரை காரணம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஜாதகம் என்றார், லயத்து வீட்டின் வாசல் பார்த்த திசை என்றார், அக்கா ரப்பர் பால் வெட்டப் போன மலை என்றார். சம்பல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

போன மாதம் அக்காவையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு காலிக்குப் போனேன். அந்தத் தெரு முழுக்க இப்போது கஃபே, ஐஸ்கிரீம், கைப்பை விற்கிற கடைகள். அந்தக் கடை எதுவாக மாறியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு ஏசி இடத்தில் உட்கார்ந்தோம். மெனு கார்டில் சம்பலுக்குப் பக்கத்தில் பச்சை இலை போட்டு 'வீகன்' என்று இருந்தது. மாசி துளிகூடக் கிடையாது ஆன்ட்டி என்று வெயிட்டர் தம்பி சிங்களத்தில் பெருமையாகச் சொன்னான். அன்றைக்கு நாங்கள் தவித்த தவிப்புக்கு இன்றைக்கு ஒரு இலைப் படம் போதுமாயிருக்கிறது.

"உம்பலகட தாலா கேன்ன புத்தே," என்றாள் அக்கா. மாசி போட்டே கொண்டு வரச் சொல்கிறாள்! அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அப்புறம் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னைக்கு மொத வாயிலயே தெரிஞ்சிருச்சு தம்பி. வேற அரைச்சேன்னு அந்தம்மா சொன்னப்ப, அவங்க கால்ல விழணும் போல இருந்துச்சு. இருக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா, அத்தைக்கு சாகுற வரைக்கும் அந்த ஒரு காரணமே போதுமா இருந்திருக்கும்."

மச்சான் தன் தண்ணீர் கிளாஸை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார்.

சம்பல் வந்தது. அக்கா நிறையப் போட்டுச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள்.