பூங்குழலி கேட்க வைத்த கேள்வி

பூங்குழலி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை செய்தாள். அவள் மகள் மோனிஷாவுக்கு ஏழு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். 2004-இல் ஒருநாள் லீவு போட்டு மகளை வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்களின் உடல்நலம் பற்றி அங்கே கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜெயகரன் என்ற ஊழியர் படிவத்தோடு எதிரில் உட்கார்ந்தார்.

"குழந்தையால உங்க விடுமுறைப் பயணம் எத்தன தடவ தடைபட்டிருக்கு?"

"நான் எந்தக் காலத்துல சார் பயணம் போனேன்?"

அவர் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார்.

"இன்னா எழுதினீங்க?"

"ஒரு தடவகூடத் தடைபடலன்னு."

பூங்குழலி படிவத்தை வாங்கிப் புரட்டினாள். நாற்பது கேள்விகள். கர்ப்பப்பை எடுத்த ஆறாம் நாளே, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாமல், வளர்ந்த பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்தாளே, அதை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"இதுபடி பாத்தா நான் சௌக்கியமா இருக்கேன். யார் சார் எழுதினது?"

தமிழில் எழுதியவர் டாக்டர் கிரேஸி. பக்கத்து அறையில்தான் இருந்தார்.

"வெளிநாட்டுல சோதிச்ச படிவம்மா இது. மாத்தக் கூடாது."

"அப்ப அங்கியே போய்க் கேளுங்க மேடம். எங்கள எதுக்குக் கேக்கறீங்க?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூருக்கு வந்தார். பூங்குழலி தன்னைப் போன்ற பதினோரு தாய்மாரைத் திரட்டியிருந்தாள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? உங்களுக்காகக் கடைசியாக டாக்டரிடம் போனது எப்போது? இப்படி ஒவ்வொன்றாக அவர்கள் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டார். அதுவரை வாய் திறக்காத ஷஹீன் பானு கடைசியில் சொன்னாள்: "புள்ள இப்படிப் பொறந்ததுக்கு உங்க மேல பழி போட்டது யாருன்னு கேளுங்க."

புதிய படிவம் அச்சாகி வந்தது. அந்தக் கேள்வி மட்டும் இல்லை.

"ஆஸ்பத்திரி கமிட்டியில வேணாம்னுட்டாங்க. மனசு புண்படுமாம்," என்றார் டாக்டர்.

"யாரு மனசு மேடம்? எங்க மனசு புண்பட்டு வருஷக்கணக்காச்சு. பழி போட்டவங்க மனசா?"

அந்தக் கேள்வி வரும்வரை ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று பதினோரு பேரும் பூங்குழலியோடு நின்றார்கள். மூன்று மாதம் இழுத்தடித்த பிறகு, பதினேழாவது கேள்வியாக அது படிவத்தில் ஏறியது.

ஜெயகரன் அதை வாசித்தபோது பூங்குழலி யோசிக்கவே இல்லை. "மாமியார். வீட்டுக்காரர். பிரசவம் பாத்த நர்ஸ்."

அவர் பேனா தயங்கியது. "நர்ஸையுமா எழுதணும்?"

"மொதல்ல என்மேல பழி சொன்னதே அவங்கதான் சார். எல்லாருக்கும் மேல எழுதுங்க."