அக்கா கை உருண்டை

கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்ததற்காக என் காதைத் திருகினார்கள். இத்தனை வயதாகியும் அந்த அநியாயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. திருகியவர் வேறு யாருமில்லை, என் சொந்தத் தாய்மாமா. உருண்டை கேட்டார்கள், உருண்டை கொடுத்தேன். இதில் என் குற்றம் என்ன?

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு, விறகு ஆனைவிலை. ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்கக் கரி உருண்டைதான் எரிந்தது. கரி மூட்டையின் அடியில் தங்கும் தூள், மரவாடியில் ரம்பத்துக்குக் கீழே கொட்டும் மரத்தூள், ஊறவைத்த பழைய காகிதம், தேங்காய் நார் என்று குப்பைக்குப் போக வேண்டியதெல்லாம் அதற்குள் போகும். வடித்த கஞ்சியை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, வெயிலில் காயவைத்தால் அடுப்புக்கு ஆயிற்று.

சொல்வதற்குச் சுலபம்தான். கஞ்சி கூடினால் புகையும், குறைந்தால் உதிரும். உதிராமலும் புகையாமலும் பிடிக்கத் தெரிந்தவள் எங்கள் சந்தில் என் அக்கா ஒருத்திதான். உருட்டியபின் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அமுக்குவாள். உள்வரைக்கும் காய்வதற்கு அது. பெரியவளாகிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து அவளுக்கு இதே வேலை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நான் பிடித்ததற்கும் அவள் பிடித்ததற்கும் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, நியாயம் யார் பக்கம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமே என்று சொல்கிறேன்.

திருவொற்றியூரில் கரிக்கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். அவர்கள் கடையில் கரி வாங்கும்போது, "எங்க பொண்ணு உருண்டை புடிச்சா கல்லு மாதிரி நிக்கும்" என்று மாமா வாய்க்கு வந்தபடி அளந்திருக்கிறார். அளந்ததைச் சுத்தமாக மறந்தும் போனார். பெண் பார்க்க வரும் நாளன்று அம்மா மிட்டாய்க்கடையில் ரவா உருண்டை வாங்கி வைத்தாள். அக்கா செய்தது என்று சொல்லும்படி எனக்குப் பாடம் வேறு நடந்தது. புளியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தும் அக்காவின் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொள் என்றார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா ரவா உருண்டையைக் கடித்தாள். மென்றாள்.

"இது கடை சரக்கு. பொண்ணு கையால புடிச்ச உருண்டை எங்க? உங்கண்ணன் அவ்ளோ பேசிக்கினு இருந்தாரே?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது அவ செஞ்சதுதாங்க" என்றாள். மாமா, "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா பூட்ச்சி" என்று உளறினார். அவர்கள் கரிக்கடைக்காரர்கள் என்பது அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கு மட்டும்தான் விளங்கியது. பின்கட்டுக்கு ஓடினேன். காய்ந்துகொண்டிருந்த கரி உருண்டைகளை முறத்தோடு தூக்கிவந்து ரவா உருண்டைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன்.

அப்போதுதான் மாமா காதைப் பிடித்தார். "கலீஜு! சபையில இன்னா கொண்டாந்து வெச்சிக்கீறே?" என்று திருகின திருகில் என் கால் தரையில் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வந்த சம்பந்தம் போச்சே என்று அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுய்யா கொயந்தைய. நான் கேட்டது இதத்தான்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

ஓர் உருண்டையை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டாள். அது உடையவில்லை. பிறகு முந்தானைக்குள்ளிருந்து அக்காவின் கையை வெளியே இழுத்து, உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட முகத்தை ஒரு தடவை பார்ப்பான். அந்த அம்மாள் அக்காவின் முகத்தை நிமிர்த்தியே பார்க்கவில்லை.

"சீரு செனத்தி ஒண்ணும் வாணாம். பொண்ண அனுப்பிச்சா போதும்."

அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா என்று அம்மா உருகினாள். உனக்குச் சம்மதமா என்று அக்காவை ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. காதைத் திருகிய அதே மாமா, "நம்ம குட்டி கெட்டிக்காரி" என்று என் கையில் ஒரு ரவா உருண்டையைத் திணித்தார். அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். தின்றுவிட்டேன்.

கல்யாணம் முடிந்து ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அழைத்துவருவதுதானே வழக்கம்? பழத்தட்டோடு அம்மாவும் நானும் திருவொற்றியூர் போனோம். மாமியார்க்காரி தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "இப்ப எப்டி அனுப்பறது? மழைக்கு முன்ன தூளெல்லாம் உருண்டையாவணும்" என்றாள். கூசாமல் சொன்னாள். சரி என்று அம்மா தலையாட்டினாள்.

கடைக்குப் பின்னால் என் உயரத்துக்குமேல் கரித்தூள் குவிந்திருந்தது. நடுவில் அக்கா, முழங்கைவரை கறுப்பாக. இருமிக்கொண்டே உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு சட்டித் தூளுக்கு நானும் அவளும் அடித்துக்கொள்வோம். இங்கே மலையே அவளுக்குத்தான். உட்கார்ந்து நானும் ஒன்று பிடித்தேன். நன்றாக வந்தது. எதிரே காயவைத்திருந்த வரிசையின் கோடியில் வைத்தேன்.

மாமியார்க்காரி வந்து அதையே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பிடித்தது என்றேன். "அட, குட்டி புடிச்சதா இது? எங்க சின்னவனுக்கு இத்தையே பேசி முடிச்சிடலாம் போலக்கீதே!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அக்கா விருட்டென்று எழுந்தாள். "அது நான் புடிச்சது அத்தே. இவ புடிச்சது இதோ" என்று, கஞ்சி படாத தூளைப் பிடித்து நீட்டினாள். அது பொலபொலவென்று உதிர்ந்தது. "இவளுக்கு ஒண்ணும் வராது. கை சரியில்ல."

"பொய்! அது என்னுது!" என்று கத்தினேன். அக்கா தன் கரிக்கையால் என் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். மாமியார்க்காரி உதட்டைப் பிதுக்கி, உருண்டையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ராயபுரம் வருகிறவரைக்கும் அழுதேன். "நான் அவள விட நல்லா புடிக்கிறேன்னு அவளுக்குப் பொறாம! என் உருண்டைய அவளுதுன்னு சொல்லிட்டா! இனிமே அந்த வூட்டுப் பக்கமே நான் வர மாட்டேன்!" என்று வழியெல்லாம் கத்தினேன்.

அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். "வராதம்மா. நீ வரவே வராத" என்றாள்.

என் பக்கம் பேச அம்மாவாவது இருக்கிறாளே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.