ஆறு டிகிரி சாய்வு

இன்டர்நெட் டவர்களில் ஆன்டெனாவை எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்ப்பது என்று கணக்கிடுவது என் வேலை. நிமிர்ந்து நின்றால் சிக்னல் வெகுதூரம் போகும், பக்கத்துத் தெருவில் தேயும். குனிந்தால் தெரு நிறையும், தூரம் அற்றுப்போகும்.

மண்டைக்காட்டுக்கு மேற்கே எங்கள் கடற்கரை ஊரின் டவரில் சாய்வு இரண்டு டிகிரிதான். கடற்கரைச் சாலையில் இன்டர்நெட் இழுக்கிறது என்று புகார்கள் வந்தன. "சிக்னல் பாதி கடலுக்குப் போகுது. மீனுக்கா கனெக்‌ஷன் குடுக்கறோம்?" என்று சென்னையிலிருந்து மேலதிகாரி போனில் சிரித்தார். நானும் சிரித்தேன். மீன்பிடிக்கப் போகும் என் அண்ணன், வலையை இழுத்து முடித்ததும் வள்ளத்திலிருந்தே மதினிக்கு போன் செய்வார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறு டிகிரி என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆள் ஏறி நட்டைத் தளர்த்தி ஆன்டெனாவைச் சாய்த்தான். லேப்டாப்போடு காரில் சாலை நெடுகப் போய் அளந்தோம். வரைபடம் முழுக்கப் பச்சை. கடலில் கார் ஓடாது. அங்கே என்ன ஆனது என்று எந்தத் தாளிலும் வராது. பாராட்டி ஒரு மெயில் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, கல்லூரி விடுமுறையில் என் மகன் பெரியப்பாவோடும் அவர் மகன்களோடும் கடலுக்குப் போனான். விடியுமுன் போனவர்கள் காலை பத்து மணிக்குள் கரை சேர வேண்டும். மதியம் தாண்டியும் வரவில்லை. எத்தனை முறை அழைத்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கரையில் நின்ற மதினி கேட்டாள்.

"ரெண்டு வாரமா இவருக்க போனு கடல்லேருந்து வரல்ல தம்பி. ஒனக்க டவருக்கு என்னவாக்கும்?"

"பாக்கணும் மதினி" என்றேன்.

பொழுது சாயும்போது இன்னொரு வள்ளம் அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போயிருக்கிறார்கள். மகனின் உதடு வெடித்திருந்தது. சார்ஜ் தீர்ந்த போனைக் கையிலேயே பிடித்திருந்தான்.

"ஒனக்க டவரு நாள் முழுக்கக் கண்ணுல தெரிஞ்சுது மக்கா. போன்லதான் கிட்டல்ல" என்றார் அண்ணன். கேலியாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான். "ஆன்டெனாவச் சாய்க்கச் சொன்னப்ப, அதுவரைக்கும் கடல்ல போன் எடுத்தது ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவன் போனை வாங்கி சார்ஜில் போட்டேன்.

சாய்வைக் குறைக்கச் சொல்லி மறுநாளே எழுதினேன். அளந்த விவரம் எங்கே என்றார்கள். லேப்டாப்பை பாலிதீன் உறையில் சுற்றிக்கொண்டு அண்ணனின் வள்ளத்தில் போனேன். ஊர்க் கோயிலின் கோபுரம் தெளிவாகத் தெரியும் தூரத்திலேயே சிக்னல் அறுந்தது. அதைப் படிவத்தில் ஏற்றினேன். சாலையின் பெயர் கேட்ட இடத்தில் 'கடல்' என்று எழுதினேன். அந்தப் பெயரில் சாலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆன்டெனா இன்னும் ஆறு டிகிரியில்தான் இருக்கிறது. மகன் கல்லூரியிலிருந்து வர அரைமணி தாமதமானாலும் நான் போனை எடுத்துவிடுகிறேன். அவனை இனிக் கடலுக்கு விடமாட்டேன் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. மதினியிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுடைய மகன்கள் இருவரும் அண்ணனோடு தினமும் போகிறார்கள்.