மொத்த வயர் இழுத்த ராஜினி

கால் கழுவிய ஈரம் காயுமுன்பே ராஜினி கதிரையில் சம்மணமிட்டு மடிக்கணினியைத் திறந்துவிடுவார். அக்கராயன் குளத்து வாய்க்கால்களில் காலையில் முறை பார்த்துத் தண்ணீர் விடுவது வயல் செய்யும் கமக்காரர் அமைப்பு அவருக்குத் தந்த பொறுப்பு. பகலில் அவருக்கு இன்னொரு ஊர் இருக்கிறது, கணினி விளையாட்டில் நிலத்துக்கடியில் தோண்டிக் கட்டிய ஊர். அங்கே பதினொரு பேர். மின்சாரம் நின்றால் காற்றுப் பொறி நிற்கும், பதினொரு பேருக்கும் மூச்சு முட்டிவிடும்.

அவர்களுக்குத் தன் வீட்டு ஒழுங்கையில் குடியிருக்கும் சனங்களின் பெயர்களையே ராஜினி வைத்திருக்கிறார். ஊர் மூன்று தரம் அழிந்தது. மூன்று தரமும் செய்தியை ஒளிக்காமல் உரியவர்களிடமே போய்ச் சொன்னார். கணவர் பாலன் சோற்றைப் பிசைந்தபடி, "இண்டைக்கும் நான் செத்துப்போனனோ?" என்று விசாரிப்பார். அடுத்த வீட்டு இராசேஸ்வரிக்கு இந்தப் பகிடி பிடிக்கவில்லை. மூன்றாவது சாவோடு அவர் வேலியோரம் வந்து கதைப்பதையே விட்டுவிட்டார். அது ராஜினியை உள்ளூரச் சுட்டது.

பிழை ராஜினியின் தொழிலில் இருந்தே வந்தது. மெல்லிய வயர் ஆயிரம் வாட்ஸ்தான் தாங்கும், தடித்த மொத்த வயர் இருபதாயிரம் தாங்கும். ஊர் நடுவரை மொத்த வயரை இழுத்தவர், செம்பை மிச்சம்பிடிக்கக் கடைசித் துண்டை மெல்லியதாக விட்டார். வாய்க்கால் அப்படித்தானே? மேல் வயல்கள் தங்கள் பங்கை எடுத்த பிறகு வால்பக்கம் ஒடுங்கினால் போதும். விளையாட்டின் மின்சாரம் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை. முழு ஊரின் சுமையும் அந்தச் சின்னத் துண்டில் ஏறி அதைக் கருக்கியது. "கடைசி வயலுக்குத் தண்ணி காணாதெண்டுதான் சண்டை வாறது. இது கூடிப்போய்ச் சாகுது," என்று தலையில் கைவைத்தார்.

நேற்று மத்தியானம் வழி பிடிபட்டது. ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் ஒரு கதவு உண்டு, அதன் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போகாது. விளையாட்டில் அந்த வேலையைச் செய்வது ட்ரான்ஸ்போமர். கிளைக்கு ஒன்றாக நான்கு வைத்தார். கொப்பியில் சுமைகளைக் கூட்டிப் பிரித்தார். பம்பும் அடுப்பும் ஒரே கிளையில் வரக்கூடாது, காற்றுப் பொறிக்குத் தனிக் கிளை. "இனி ஆரும் மற்றவையின்ர பங்கில கை வைக்கேலாது," என்று மின்சார ஆளியைப் போட்டார்.

விளையாட்டில் இருபது நாள் ஓடியது. ஒரு வயரும் கருகவில்லை. பாலன் சோற்றுக் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

"நான் என்ன செய்யிறன்?"

"நித்திரை. இஞ்சையும் அதுதான், அங்கையும் அதுதான்."

ராஜினிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கினார். பழைய பற்றரி ஐந்து நிமிடந்தான் நிற்கும். மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, செருப்பும் போடாமல் முற்றத்தைக் கடந்து ஓடினார்.

"இராசேஸ்வரி அக்கா, கெதியா வாங்கோ. நீங்கள் உயிரோட இருக்கிறியள்."

வேலிக்கு மேலாகத் திரையை உயர்த்திப் பிடித்தார். உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த இராசேஸ்வரி மெல்ல எழும்பி வந்தார்.

"உதில என்ர ஆள் எது?"

கேட்டுக்கொண்டே ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, மடிக்கணினியின் மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தார்.