அழைப்பிதழில் யார் பெயர் முதலில்

புதுக்கோட்டையில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வருடம் களப்பணியாளராக இருந்தேன். நிறுவனம் என்றால் இரண்டு அறை, ஒரு கம்ப்யூட்டர், தலைவர், செயலாளர், நான். தலைவர் ரைஸ்மில் முதலாளி. செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊருக்குச் சேவை செய்ய வந்த இந்த இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதில்லை. ஒருவர் வருகிற நேரத்தில் மற்றவர் வரமாட்டார்.

துபாயில் வேலை பார்க்கும் கடற்கரைப் பக்கத்துக்காரர் ஒருவர், நடக்க முடியாத ஒரு பெண்ணுக்காகப் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்றார். அந்த மனிதர் யாரிடம் வந்து மாட்டினார் என்பது அவருக்குத் தெரியாது.

வல்லத்திராக்கோட்டைப் பெண் அவள். திருவரங்குளத்தில் ஓர் இ-சேவை மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸில் ஏற முடியாது. தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது. ஸ்கூட்டர் அவள் பெயரிலேயே பதிவாகி, லைசென்சும் வந்துவிட்டது. விழா வைத்துச் சாவி கொடுப்பதுதான் பாக்கி.

அழைப்பிதழில் 'தலைமை' யார், 'முன்னிலை' யார் என்பதில் விழா நின்றது. முதல் பெயராக இருக்க இருவருக்கும் ஆசை. செயலாளர் சிவப்புப் பேனாவால் தன் பெயரை மேலே கொண்டுபோய் அம்பு போடுவார். தலைவர் அதை அடித்துவிட்டுக் கீழே தள்ளுவார். மில்லுக்கும் செயலாளர் வீட்டுக்கும் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்தேன். ஒரு தடவை ஒருவர், அடுத்த தடவை மற்றவர் என்று எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஏம்மா, நீ எனக்கு முறை வைக்கிறியா?" என்றார் தலைவர்.

செயலாளரோ, என் தாளில் இருந்த ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

இதே இருவரும்தான் அதற்கு முந்தைய மாதம் குளத்தூர்ப் பக்கம் மகளிர் குழுக்களுக்கு 'சண்டை வராமல் குழு நடத்துவது எப்படி' என்று ஆளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார்கள். ஒருவர் முடித்துக் கிளம்பிய பிறகுதான் மற்றவர் வந்தார். பாவம் அந்தப் பெண்கள், சிரிக்காமல் கேட்டார்கள்.

பெயருக்கு இருந்த கமிட்டி ஆட்கள் ஒரு சமரசக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை என்ற தகராறிலேயே அது கலைந்தது.

ஸ்கூட்டர் முன் அறையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவள் வாரா வாரம் போன் செய்வாள். "இந்த வாரம் ஆயிரும்மா" என்று நானும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களைத் திட்டும்போதெல்லாம் இந்தப் பொய்யும் நினைவுக்கு வருகிறது.

ஒருநாள் அழுதுகொண்டே பேசினாள். "அக்கா, ஒண்ணாந்தேதி வரலைன்னா வேற ஆளப் போட்டுருவோம்ங்கிறாங்க."

அன்று முப்பதாம் தேதி. உடனே கிளம்பி வரச் சொன்னேன். அம்மாவோடு ஆட்டோவில் வந்தாள். தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தேன்.

"போட்டோ எடுக்கலையாக்கா?" என்றாள். போட்டோ இல்லாமல் எடுத்துப் போனால் திருட்டாகிவிடுமோ என்று பயந்திருந்தாள்.

"ஓட்டிட்டுப் போ," என்றேன்.

மறுநாள் காலை தலைவரும் செயலாளரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். என் ஆறு வருடத்தில் இருவரையும் ஒன்றாகப் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் சொல்ல விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுத்து, அரை மணி நேரம் ஏசினார்கள். பிறகு என்னை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை நீட்டினார்கள். அதில் யார் பெயரும் மேலே இல்லை, கீழேயும் இல்லை. ஒரே வரியில் இடமும் வலமுமாக இரண்டு கையெழுத்து. இந்த யோசனை அழைப்பிதழுக்குத் தோன்றியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து, வேறு வேலைக்கு விண்ணப்பிக்க அவளுடைய மையத்துக்கே போனேன். ஸ்கூட்டர் வாசலில் நின்றது. என் தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தவள், ஆறு வருட வேலைக்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சியான அந்தக் கடிதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அக்கா, ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டுருக்காங்க! சண்டை தீந்துருச்சா?"

"தீந்துருச்சு," என்றேன். "மேல படி."