சாரம்மாள் டீச்சரின் கணிப்பு

சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியைப் போட்டதும் சாரம்மாள் டீச்சர் முதல் வேலையாகச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து கிரிக்கெட் ஆட்டத்தை அலசுகிறார்களே, அது அவருக்கு வேண்டாத சமாச்சாரம். "இவனுவ பேச்சக் கேட்டா இருக்கிற அறிவும் போயிரும்" என்பார். அவருக்கு வேண்டியவர்கள் பின்னால் புல்தரையில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓடும் பையன்கள்தாம். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்து, பரீட்சை மண்டபத்தில் நிற்கிற மாதிரி ஒருத்தன் விடாமல் பார்ப்பார்.

ஆட்டக்காரர்கள் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். சட்டை நிறத்தை வைத்துத்தான் எல்லாம். "அந்த மஞ்சச் சட்ட நெட்டையனப் பாத்தியாட்டி? எடது கால வாங்கி வாங்கி வைக்கான். முட்டியில கோளாறு. ரெண்டு ஓவர் தாங்குவான், மூணாவதுல வாங்கிக் கட்டிக்கிடுவான்."

கேட்டுக்கொண்டிருப்பவள் பக்கத்து வீட்டுத் தனலட்சுமி. சமாதானபுரத்தில் மாவு மில் வைத்திருக்கிறாள். நாற்பத்தைந்து வயதாகிறது. ஆனாலும் டீச்சர் முன்னால் காலை நீட்டி உட்கார மாட்டாள். ஒரு காலத்தில் டீச்சருடைய பூப்பந்தாட்ட அணியில் ஆடியவள். மூன்றாவது ஓவரில் நெட்டையன் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது, "எப்படி டீச்சர்?" என்று வாயில் கை வைப்பாள். பத்துக்கு ஏழு தடவை டீச்சர் சொன்னது நடக்கும். மீதி மூன்றும் அம்பயர் செய்த தப்பு என்பது டீச்சரின் தீர்மானம்.

இது ஜோசியமும் இல்லை, வரப்பிரசாதமும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் விளையாட்டு டீச்சராக வெயிலில் நின்றவர். வயிற்றுவலி என்று வந்து நிற்கிற பிள்ளைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கிறதா, அடுத்த பீரியடு கணக்குப் பரீட்சையா என்பதை நடந்து வருகிற தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண் ஓய்வு பெறவில்லை, அவ்வளவுதான்.

விசில் ஊதுவதிலும் அப்படித்தான். மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஒரு தடவை அவரே நடுவர். பந்து கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் தம் பள்ளிக்கூடத்துக்கு எதிராகவே விசிலை ஊதிவிட்டார். கோப்பை வள்ளியூருக்குப் போயிற்று. பிள்ளைகள் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள், அழுதவர்களில் தனலட்சுமியும் ஒருத்தி. தலைமையாசிரியை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வெளிய விழுந்ததை உள்ளன்னா சொல்ல முடியும்?" என்று டீச்சர் தம் பாட்டுக்கு ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அறுபத்தெட்டு வயதாகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது தம்பி எபிக்கு ஆறு வயது, இவருக்கு இருபத்தொன்று. அப்பா உபதேசியார், பிரசங்கம் செய்யச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்விடுவார். பெண் கேட்டு யாராவது வரும்போதெல்லாம் எபிக்கு ஏதோ ஒரு பரீட்சை இருந்தது. கடைசிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு எபி அமெரிக்காவுக்குப் போய்விட்டான். இப்போது நார்த் கரோலினா என்கிற மாநிலத்தில் மனைவி டார்லினுடன் இருக்கிறான்.

அவன் போன புதிதில் போன் வந்தால் டீச்சர் நின்றுகொண்டேதான் பேசுவார். "சாப்பிட்டியா? சொகமா இருக்கியா? ஜெபம் பண்ணிக்கிடு. சரி வை, செலவாகும்." இரண்டு நிமிஷம் தாண்டாது. அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. "இதுக்குக் காசு கெடையாதுக்கா" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும், "அதுக்காவ? கரண்டு செலவாகும்லா" என்று வைத்துவிடுவார். உண்மையில், வைத்த பிறகுதான் அவருக்குப் பேச நூறு விஷயம் ஞாபகம் வரும். வருஷத்துக்கு நாலைந்து போன், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை என்று ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஏப்ரலில்தான் எல்லாம் மாறியது. ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல எபி கூப்பிட்டபோது டிவியில் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு நீலச் சட்டைக்காரனுவ பாடு திண்டாட்டம்தான்லே" என்று டீச்சர் சும்மா சொல்லி வைத்தார். நீலச் சட்டை தோற்றது. மறுநாள் ஆறரை மணிக்கு, அங்கே காலை ஒன்பது, மறுபடி போன். "அக்கா, இன்னைக்கு யாரு ஜெயிப்பா?"

அதற்கு மறுநாளும் அதே ஆறரை. அதற்கும் மறுநாள், அதே ஆறரை.

அடேயப்பா, டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யார் ஜெயிப்பார்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் டீச்சர் ஏன், எதனால் என்று விளக்குவார். விளக்கினால் பழைய பாளையங்கோட்டை முழுக்க வந்து நிற்கும். "அந்தக் கட்டையன் ஓடுத ஓட்டம் இருக்கே, அப்படியே நம்ம பிச்சைக்கண்ணு. நெஞ்ச முன்னால தள்ளிக்கிட்டு." "எந்தப் பிச்சைக்கண்ணு? ஊசிக்கோபுரக் கோயில்ல மணி அடிப்பாரே, அவர் மகனா?" "அவனேதான். குறுக்குத்துறை ஆத்துல ஒன்ன முங்கவிட்டுட்டு ஓடிட்டான்லா, அன்னைக்கு நான் ஈரச் சேலையோட மேலக் கர வரைக்கும் வெரட்டிட்டுப் போனேன்." அங்கே எபி சிரிக்கிற சத்தம் இங்கே ஹாலில் கேட்கும். இரண்டு நிமிஷம் இருபதாயிற்று, முப்பதாயிற்று. பதினோரு பேர் கொண்ட அணி. ஆளுக்கு ஒரு தெரு, ஆளுக்கு ஒரு ஞாபகம். அக்காவும் தம்பியும் வண்ணார்பேட்டை ஆற்றிலிருந்து தெப்பக்குளம் வரை தினமும் ஒரு நடை போய்வந்தார்கள். நின்று பேசுகிற டீச்சர் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்.

அப்படி ஒரு நாள் எபி வாய் தவறி, "ஒன்னாலதான்க்கா இந்த வாரம் மூணு தடவ ஜெயிச்சேன்" என்றான்.

"என்னத்த ஜெயிச்ச?"

அவன் மென்று விழுங்கி விவரம் சொன்னான். அவன் இருக்கிற மாநிலத்தில் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவது இப்போது சட்டப்படி சரியாம். போனிலேயே கட்டலாம். இருபத்தொரு வயது முடிந்திருக்க வேண்டும். லைசென்சைப் படம் எடுத்துக் கொடுத்துப் பேரைப் பதிய வேண்டும். மாநில எல்லைக்குள் நிற்க வேண்டும், தாண்டினால் போன் வாங்கிக்கொள்ளாது. "போன மாசம் கடற்கரைக்குப் போனோம்க்கா. பக்கத்து மாநிலம். அங்கன போனதும் போன்ல அது பூட்டிக்கிட்டு."

"போலீசு பிடிக்காதா?"

"சர்க்காரே உரிமம் குடுத்து வரி வாங்குதுக்கா. இங்க எல்லாரும் செய்யுதாங்க."

"எல்லாரும் செய்யுதான்னா சரியாயிருமாலே? அப்பா இருந்தா ஒன்னத் தொலச்சிருப்பாரு" என்று சொல்லி டீச்சர் போனை மேசை மேல் வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன்? அடித்தார். அன்று காப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் ஆறரைக்குப் போன் வந்தது. இனிமேல் இதைக் கேட்காதே என்று சொல்லத்தான் எடுத்தார். "இன்னைக்கு யாரு ஜெயிப்பாக்கா?" என்று அவன் கேட்டான். கேட்காதே என்றால் அப்புறம் என்ன பேசுவது? சாப்பிட்டியா, சொகமா இருக்கியா, சரி வை. மறுபடி கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "பச்சச் சட்ட" என்று சொன்னார். பொய் சொல்வானேன், மனசு குத்தக் குத்தத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது அவர் குரல் மட்டும் எழும்பவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை ஆறு மணிக்கே போனுக்கு முழுச் சார்ஜ் ஏற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் டார்லின் கூப்பிட்டாள். "மதினி, நீங்கதான் அவங்ககிட்ட சொல்லணும். ஆபீசு வாசல்ல கார நிறுத்திக்கிட்டு அரை மணி நேரம் போனோடயே உக்காந்திருக்காங்களாம். கூட வேல பாக்கறவங்க சொல்லுதாங்க. அந்தப் பந்தயம்தான் மதினி. எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாங்க."

அரை மணி நேரம். அது யாருடைய அரை மணி நேரம் என்று டீச்சருக்குத் தெரியும். பந்தயம் கட்ட ஒரு நிமிஷம் போதாதா? மீதியெல்லாம் நம்ம பேச்சுதானே? ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை ஊட்டி வளர்ப்பது இந்த வாய்தானே! தம்பியைப் பறிகொடுத்துவிட்டு அவன் குரலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இப்படி ஒரு முடிவை சாரம்மாள் டீச்சர் எடுத்தார் என்றால் வள்ளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பொய் சொல்லிவிடுவது. ஒரு பெரிய ஆட்டத்தில் தோற்கிற பக்கத்தைச் சொல்லி அவன் கையைச் சுட வைப்பது. சூடு பட்டால் பந்தயத்தை விடுவான். அக்காவையும் விடுவான். விடட்டும்.

அன்றைக்குச் சிவப்புச் சட்டைக்கும் மஞ்சள் சட்டைக்கும் ஆட்டம். "செவப்புதாண்டி. மஞ்சளுக்கு இன்னைக்குக் காலே எழும்பல" என்று தனலட்சுமியிடம் சொன்னார். ஆறரைக்குப் போன் அடித்தது.

"மஞ்ச" என்றார் டீச்சர்.

தனலட்சுமி திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அவளைப் பார்க்கவில்லை.

"ஏன்க்கா மஞ்ச?"

"நல்லா இருக்கானுவ. வேகமா இருக்கானுவ. மஞ்சதான், வை" என்று துண்டித்துவிட்டார்.

"என்ன டீச்சர், என்கிட்ட செவப்புன்னீங்க?"

"நீ ஒன் சோலியப் பாருட்டி."

சிவப்புத்தான் ஜெயித்தது. அடுத்த நாள் முழுக்க டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த சேலையை மறுபடி துவைத்தார். எவ்வளவு கட்டினானோ, எதை விற்றுக் கட்டினானோ, டார்லின் அழுகிறாளோ! ஆறு மணிக்கு டிவியைப் போட்டார். பையன்கள் ஓடினார்கள். ஒருத்தன் காலும் கண்ணில் படவில்லை. இனி அடிக்காது என்று தெரிந்தும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறரைக்கு அடித்தது.

"அக்கா, இன்னைக்கு யாரு ஜெயிப்பா?" குரலில் ஒரு வாட்டமும் இல்லை.

"லே எபி." டீச்சர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "நேத்து நான் வேணும்னே பொய் சொன்னேன்லே. செவப்பு ஜெயிப்பான்னு எனக்குத் தெரியும். நீ தோக்கணும்னுதான் மாத்திச் சொன்னேன். எவ்வளவு போச்சு?"

அந்தப் பக்கம் கார் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணும் போகலக்கா. நான் கட்டல."

"ஏன்?"

"எப்பவோ விட்டுட்டேன். அன்னைக்கு நீ போன மேசையில அடிச்சு வச்சல்லா, அன்னைக்கே. நம்மள நாமளே தள்ளி வச்சிக்கிட ஒரு ஏற்பாடு இருக்குக்கா இங்க. பேரை எழுதிக் குடுத்துட்டா ஒரு வருசத்துக்கு நம்மளப் பந்தயம் கட்ட உள்ள விடமாட்டான். குடுத்துட்டேன். டார்லின்கிட்ட இன்னும் சொல்லல. நான் பந்தயம் கட்டினதே அவளுக்குத் தெரியாதுல்லா."

"தெரியும்லே அவளுக்கு. பயந்து போய்க் கெடக்கா. இன்னைக்கே சொல்லிரு." டீச்சர் மூச்சை உள்ளே இழுத்தார். "அப்பறம் எதுக்குலே தெனமும் வந்து யாரு ஜெயிப்பான்னு கேக்க?"

எபி ஐம்பத்துமூன்று வயசு ஆள். ஒரு கம்பெனியில் முப்பது பேருக்கு மேலதிகாரி. அவன் ஆறு வயசுப் பையன் மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னான்.

"வேற என்னத்தக் கேட்டாலும் நீ ரெண்டு நிமிசத்துல வைன்னு சொல்லிருதியேக்கா."

தனலட்சுமி பைய எழுந்து, அரிசி ஊற வைக்கணும் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வெளியே போனாள். டிவியில் இரண்டு அணித் தலைவர்களும் நடுவில் வந்து நின்றார்கள். ஒருத்தன் காசைச் சுண்டினான். அது வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு மேலே போயிற்று. டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை நீட்டி ரிமோட்டை எடுத்து, காசு கீழே விழுவதற்குள் டிவியை அணைத்தார்.