நாலு மணிக்கே வந்துவிட்ட இரண்டு கவுன்சிலர்கள்

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்குப் போகும்போதே எங்கள் உள்ளூர் கவுன்சிலில் இரண்டு கட்சிக்காரரும் சண்டை பிடித்துக்கொண்டுதான் போனார்கள். ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லை. திரும்பி வந்தும் வரவுசெலவுத் திட்டத்துக்கு இணங்காவிட்டால் மோர்டனில் நோயாளிகளுக்காக இருக்கும் பகல்நேர நிலையத்தை மூட வேண்டிவரும் என்று கடிதம் வந்தது. அதற்கு முந்திய மாசியில் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து பேச்சை இழந்த என் கணவர், கிழமையில் மூன்று நாள் அங்கே போய்த்தான் ஒன்றிரண்டு சொல்லாவது பேசத் தொடங்கியிருந்தார். அரைவேக்காட்டுச் சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவர்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

தை மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. எங்கள் ஆட்கள் எதற்கும் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவார்கள். அதனால் ஐந்து மணி விழாவுக்கு நாலு மணி என்றே அழைப்பிதழ் அடிப்போம். கவுன்சிலர்களுக்கு மட்டும் சரியான நேரத்தைப் போனில் சொல்லிவிட வேண்டும். அது என் பொறுப்பு. கோபத்திலோ என்னவோ, அடியோடு மறந்துபோனேன்.

ஐந்துக்குச் சற்று முன் பொங்கல் பானையோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு மேசை, நாலு பேர். இரண்டு கட்சிக் கவுன்சிலர்களும் எதிரெதிரே இருந்தார்கள். மற்ற இரண்டு பக்கமும் என் கணவரும், அவரை நிலையத்திலிருந்து கூட்டிவந்த வேன் சாரதியும். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறார்கள்! அந்த விளையாட்டில் எதிரே இருப்பவர்தான் கூட்டாளி.

"நாலு மணிக்கே வந்திட்டினம், அக்கா. அண்ணைதான் சீட்டுக்கட்டை எடுத்தவர். விளையாட்டை நான் சொல்லிக்குடுத்தன்," என்றார் சாரதி.

வெட்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். அந்த நிலையம் இல்லாவிட்டால் இவர் பகலில் என்ன செய்வார் என்று பெண் கவுன்சிலர் கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். இருவரும் தங்கள் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டு விளையாடியதால்தான் இணங்கினார்கள் என்று சொல்ல நான் விசரி இல்லை. ஆனால் மாசியில் இரண்டு கட்சியும் சேர்ந்து வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை தூக்கின. நிலையம் தப்பியது. செய்தி வந்ததும் அப்பாடா என்று மாடிப்படியில் குந்தியிருந்து அழுதேன். பிறகு போய் அவரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் வாயை அசைத்தார்.

"அவையளை இன்னொருக்கா வரச்சொல்லு, ரெண்டுபேருக்கும் விளையாடத் தெரியேல்ல."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வசனம் அது.